பத்திரிகையைக் கேட்க ஆள் உண்டு, வாசகனுக்காகக் கேட்கத்தான் ஆள் குறைவு

பாளையங்கோட்டையில் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டது இது: "அண்ணாச்சி, இங்கிலாந்துல பேப்பர்காரங்க செஞ்ச அட்டூழியத்தை லெவ்சன்னு ஒரு நீதிபதி விசாரிச்சாராமே, நம்ம ஊர்ல அப்படி எதுவும் கிடையாதா? எங்க ஊராட்சித் தலைவரைப் பத்தி வந்த செய்தி ஒண்ணு சுத்தப் பொய். அவருக்கு ஆகாத கட்சிக்காரர் எழுதிக் கொடுத்ததை அப்படியே போட்டிருக்காங்க. பேப்பரும் அரசியல்வாதியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா? கேட்க நாதியே இல்லையா?"

கேட்க நாதி இருக்கிறது தம்பி, நிறையவே இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை, அவதூறு வழக்கு, சட்டமன்ற உரிமைமீறல், அரசு விளம்பரத்தை நிறுத்துவது என்று ஒன்றுக்கு நாலாக வழி உண்டு. ஆனால் அத்தனையும் ஆட்சியில் இருப்பவருக்கும் அவருக்கு வேண்டியவருக்கும்தான் கைக்கு எட்டும். உங்கள் ஊராட்சித் தலைவருக்கும் உங்களுக்கும் எட்டுகிற வழி ஒன்றே ஒன்று. அது கடைசியில் வரும்.

முதலில் லெவ்சன். கொலையான ஒரு சிறுமியின் செல்போனில் பதிவான குரல் செய்திகளை 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற ஞாயிறு இதழ் ஒட்டுக்கேட்டது 2011ல் அம்பலமானது. நாடே கொதித்ததில் முதலாளி ரூபர்ட் முர்டாக் இதழையே மூடினார். அதன் முன்னாள் ஆசிரியர் ஆண்டி கூல்சன்தான் அதற்குச் சில மாதம் முன்புவரை பிரதமர் கேமரூனுக்கு ஊடகத் தொடர்பு அதிகாரி. 2014ல் அவர் சிறைக்குப் போனார். 2012 நவம்பரில் வந்த லெவ்சன் அறிக்கை, கட்சித் தலைவர்கள் பல பத்தாண்டுகளாகப் பத்திரிகை முதலாளிகளோடு அளவுக்கு மீறி நெருங்கியிருந்தார்கள் என்றது. பிறகு நடந்தது என்ன? பெரிய பத்திரிகைகள் பலவும் தங்களுக்குத் தாங்களே ஒரு அமைப்பை 2014ல் ஏற்படுத்திக்கொண்டன. பத்து லட்சம் பவுண்டு வரை அபராதம் போட அதற்கு அதிகாரம் உண்டு. பத்திரிகைக்கும் போலீசுக்கும் இருந்த உறவைத் தோண்ட வேண்டிய இரண்டாம் கட்ட விசாரணையை 2018ல் அரசே கைவிட்டது. அதனால் அந்த ஊரைப் பார்த்து ரொம்ப ஏங்க வேண்டாம்.

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி. இங்கிலாந்தில் அரசியல்வாதி பத்திரிகை முதலாளி வீட்டுக்கு விருந்துக்குப் போனார். இங்கே பல சமயம் இரண்டு பேரும் ஒரே ஆள். திருச்செந்தூர் பக்கம் காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942ல் மதுரையில் 'தந்தி' தொடங்கினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் புரிகிற நடை, பெரிய தலைப்பு, கொலை கொள்ளைச் செய்தி. டீக்கடையில் பேப்பர் படிக்கும் பழக்கத்தைப் பாமரனிடம் கொண்டுபோனவர் அவர் என்றால் மறுக்க ஆள் இருக்காது. அதே ஆதித்தனார் 1958ல் 'நாம் தமிழர்' கட்சி கண்டார், 1967ல் சட்டமன்ற சபாநாயகர் ஆனார், பிறகு திமுக ஆட்சியில் அமைச்சர். அவர் மருமகன் கே.பி. கந்தசாமி 1977ல் 'தினகரன்' தொடங்கினார். அவரும் திமுக அமைச்சரவையில் இருந்தவர். 'தினமலர்' வந்த வழி வேறு. 1951ல் டி.வி. ராமசுப்பையர் அதைத் திருவனந்தபுரத்தில் தொடங்கியபோது, கன்னியாகுமரிப் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பது அதன் பெரிய கோரிக்கை. 1956ல் குமரி சேர்ந்தது, மறுவருஷம் பத்திரிகை திருநெல்வேலிக்கு இடம் பெயர்ந்தது. அதுவும் அரசியல்தான், கட்சி அரசியல் இல்லை.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. தென் மாவட்டத்துப் பத்திரிகை அரசியலுக்கு வெளியே பிறந்து, பிறகு கெட்டுப்போய் அரசியலோடு சேர்ந்ததாக நினைத்தால் கணக்குத் தப்பும். பிறக்கும்போதே இயக்கம், கட்சி, சாதிச் சங்கம் என்று ஏதாவது ஒரு கை பிடித்துத்தான் பிறந்தது. வாசகனுக்கும் அது தெரியும். "இது இன்னார் பேப்பர், இதுல இப்படித்தான் வரும்" என்று சந்திப்பு பஸ் நிலையத்தில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சொந்தக்காரப் பத்திரிகை என்பது எவ்வளவு ஆபத்து என்பதை மதுரை பார்த்தது. 2005ல் 'தினகரன்' கருணாநிதியின் உறவினரான மாறன் குடும்பத்தின் சன் குழுமத்தின் கைக்குப் போனது. கருணாநிதிக்குப் பிறகு யார் என்று அதில் ஒரு கருத்துக்கணிப்பு வந்ததும், 2007 மே 9ந்தேதி மதுரை அலுவலகத்தைத் தாக்கித் தீ வைத்தார்கள். மூன்று ஊழியர்கள் செத்தார்கள். கீழ்க்கோர்ட்டில் எல்லாரும் விடுதலை. 2019ல்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒரு கட்சிக் குடும்பத்துக்குள் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்ற தகராறில், கட்சியிலும் இல்லாத, குடும்பத்திலும் இல்லாத மூன்று பேர் உயிர் போனது. பத்திரிகைச் சுதந்திரம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்த மூன்று பேரை அதிகம் சொல்வதில்லை.

இனி சட்டம். பேப்பரின் கடைசிப் பக்கத்தில் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார், ஆசிரியர் இன்னார், அச்சான இடம் இது. யாரும் படிக்காத வரி அது. 1867ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம் அந்த வரியைக் கட்டாயமாக்கியது, வழக்கு வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. எட்டயபுரம் அப்போது திருநெல்வேலி ஜில்லா. அங்கே பிறந்த பாரதி சென்னையில் 'இந்தியா' வார இதழை நடத்தினார். எழுத்தெல்லாம் அவருடையது, பதிவேட்டில் ஆசிரியர் என்று இருந்தது எம். சீனிவாசன் பெயர். 1908 மார்ச்சில் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது செய்ததும் திருநெல்வேலி பற்றி எரிந்தது, துப்பாக்கிச்சூட்டில் நாலு பேர் இறந்தார்கள். அதே வருஷம் 'இந்தியா' மீது ராஜதுரோக வழக்கு. பாரதி புதுச்சேரிக்குப் போய்விட்டார், சிறைக்குப் போனவர் சீனிவாசன். அந்த 1867ஆம் வருஷச் சட்டம் 2024 மார்ச் 1ந்தேதிதான் மாற்றப்பட்டது. கலெக்டர் ஆபீசில் உறுதிமொழி கொடுத்துக் காத்திருந்த காலம் போய் இப்போது இணையத்தில் பதிவு. அடியில் வரும் பொடி எழுத்து மட்டும் போகவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு சட்டமன்றமே உரிமைமீறல் என்று சொல்லி ஒரு கோர்ட்டாக மாறியதும் உண்டு. 1987ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருக்கும் இரண்டு பேரில் பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடித் திருடன் மாதிரி இருப்பவர் அமைச்சர், அவ்வளவுதான் விஷயம். ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை என்று சபை தீர்ப்புச் சொன்னது. அப்போதைய சபாநாயகர் பி.எச். பாண்டியன் நம்ம சேரன்மகாதேவித் தொகுதிக்காரர். சபாநாயகருக்கு 'வானளாவிய அதிகாரம்' என்று சொல்லிப் பேர் வாங்கியவர். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டொரு நாளில் விட்டுவிட்டார்கள். பாலசுப்ரமணியன் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போய் 1994ல் ஆயிரம் ரூபாய் இழப்பீடு வாங்கி, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்தார். 2003ல் இதே சபை 'தி இந்து' ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஒரு தடவை அதிமுக, மறு தடவையும் அதிமுக என்று திமுககாரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். முரசொலி இல்லாமல் வேறு ஏதாவது பத்திரிகை மாட்டியிருந்தால் அவர்கள் எவ்வளவு சத்தம் போட்டிருப்பார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவதூறு வழக்குதான் தினசரி ஆயுதம். சாதாரண ஆள் ஒருவர் அவதூறு வழக்குப் போட வேண்டுமானால் சொந்தச் செலவில் வக்கீல் வைத்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தானே போக வேண்டும். முதலமைச்சர், அமைச்சர், அரசு ஊழியர் என்றால், அவர்கள் பதவிக் கடமை சம்பந்தப்பட்ட அவதூறுக்கு அரசு வக்கீலே அரசு அனுமதியோடு நேராக செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம். செலவு மக்கள் பணம். ஜெயலலிதா ஆட்சியின் ஐந்து வருஷத்தில் இப்படி இருநூறுக்கு மேல் வழக்கு என்று 2016ல் உச்ச நீதிமன்றத்தில் கணக்கு வந்தது. அதே வருஷம் மே மாதம், அவதூறைக் கிரிமினல் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்றும் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 மேயில் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகை ஆசிரியர்கள் மேல் இருந்த ஒரு கொத்து வழக்குகளை ரத்து செய்தது. 2021ல் வந்த திமுக அரசு, முந்தைய ஆட்சி ஊடகங்கள் மீது போட்ட 90 வழக்குகளைத் திரும்பப் பெற்றது. நல்லதுதான். ஆனால் வழக்குப் போட வழிவிடும் சட்டப் பிரிவு இருந்த இடத்திலேயே, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சட்டத்திலும், எண் மாறி உட்கார்ந்திருக்கிறது.

கொக்கிரகுளத்தில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். கந்துவட்டிக் கொடுமை என்று திரும்பத் திரும்ப மனுக் கொடுத்த ஒரு குடும்பம், கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள், கலெக்டர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்து இறந்தது. கார்ட்டூனிஸ்ட் பாலா ஒரு படம் வரைந்தார். தரையில் எரியும் குழந்தை, பக்கத்தில் முதலமைச்சர், கலெக்டர், போலீஸ் கமிஷனர் மூவரும் ஆடையில்லாமல் ரூபாய்க் கட்டால் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கலெக்டர் கொடுத்த புகாரில் திருநெல்வேலி போலீஸ் சென்னைக்குப் போய் நவம்பர் 5ந்தேதி அவரைக் கைது செய்து இங்கே கொண்டுவந்தது. மறுநாளே கோர்ட் ஜாமீன் கொடுத்தது. பின்னாளில் மதுரைக் கிளை வழக்கையே ரத்து செய்தது. படம் கொச்சை என்று சொன்னவர்கள் உண்டு, எனக்கும் அதை வீட்டில் பிள்ளைகளிடம் காட்டக் கூச்சம்தான். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் குடும்பத்தின் மனுக்கள் மேஜைக்கு மேஜை நகர்ந்த வேகத்தையும், கார்ட்டூனுக்காகப் போலீஸ் ஜீப் சென்னைக்குப் போன வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் வெளியே தெரிகிற கட்டுப்பாடு. தெரியாத கட்டுப்பாடு பணம். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு செய்திப் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை விரிவாகவே சொல்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ செய்தி சேகரிக்கும் ஏரியா நிருபருக்குப் பெரும்பாலும் ஒழுங்கான சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு, போட்டோவுக்கு இவ்வளவு, விளம்பரம் பிடித்தால் கமிஷன். வீட்டில் அடுப்பு எரிவது கமிஷனில்தான். காலையில் ஒன்றியச் செயலாளரிடம் போய், "அண்ணாச்சி, தலைவர் பொறந்தநாள் சப்ளிமெண்ட் வருது, கால் பக்கமாவது நம்ம பேரு இருக்கணும்லா" என்று கேட்பவரும், சாயங்காலம் அதே ஆள் மீது மணல் கடத்தல் புகார் வந்தால் எழுத வேண்டியவரும் ஒரே நிருபர். செயலாளர் விளம்பரப் பணத்தை உடனே கொடுக்க மாட்டார். பாக்கி வைப்பார். வேண்டுமென்றேதான் வைப்பார். பாக்கி இருக்கும்வரை நிருபர் வாய் திறக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பணத்தை நிருபர் ஆபீசுக்குக் கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் கணக்கில் பிடித்துவிடுவார்கள். பத்திரிகை ஒழுங்கு என்று டில்லியில் எத்தனை விதி எழுதினாலும், இந்தப் பாக்கி நோட்டைத் தொடாத வரைக்கும் கிராமத்துச் செய்தி மாறாது என்பது என் அபிப்பிராயம். உங்கள் ஊராட்சித் தலைவர் விஷயத்திலும், அந்தச் செய்தியைக் கொடுத்த கட்சிக்காரர் முந்தின மாதம் யாருக்கு விளம்பரம் கொடுத்தார் என்று பாருங்கள். அதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பார்க்க வேண்டிய முதல் இடம் அது.

பெரிய பத்திரிகைக்கு இதே கதை பெரிய அளவில். செய்தி மக்கள் தொடர்புத் துறை கொடுக்கும் அரசு விளம்பரம், டெண்டர் அறிவிப்பு, சாதனை மலர் எல்லாம் ஒரு குழாய். திறக்கவும் மூடவும் ஒரே கை. அரசு விளம்பரத்தில் யார் யார் படம் வரலாம் என்று 2015ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகத்தான் சொன்னது: ஜனாதிபதி, பிரதமர், தலைமை நீதிபதி மட்டும். மாநிலங்கள் மறுபரிசீலனை கேட்டன, அடுத்த வருஷமே முதலமைச்சரும் அமைச்சர்களும் படத்துக்குள் வந்துவிட்டார்கள். படம் பெரிய விஷயமில்லை. எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு என்பதுதான் விஷயம்.

தேர்தல் நேரத்தில் இதற்குப் பெயர் 'பேக்கேஜ்'. வேட்பாளருக்கு வாக்குச் சேகரிப்புச் செய்தி இத்தனை, போட்டோ இத்தனை, எதிராளி செய்தி உள்பக்கத்தில் என்று மொத்தமாகப் பேசுவார்கள். பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில் 2009ல் இதைப் பற்றி ஒரு துணைக்குழு போட்டது. நிருபர்கள் விளம்பரக் கமிஷனை நம்பி இருப்பதை அந்தக் குழு சுட்டிக்காட்டி, பத்திரிகைகளின் பெயரையும் எழுதியது. கவுன்சில் முழு அறிக்கையை அமுக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகுதான் 2011ல் முழுசும் வெளியே வந்தது. இன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் தேர்தல் சமயம் ஊடகக் கண்காணிப்புக் குழு உட்காரும். ஒரு செய்தி காசுக்கு வந்ததாகத் தோன்றினால் 96 மணி நேரத்துக்குள் வேட்பாளருக்கு நோட்டீஸ், அவர் 48 மணி நேரத்துக்குள் பதில். பதில் ஏற்கும்படி இல்லையென்றால் அந்தச் செய்தியின் இடத்துக்கு விளம்பர ரேட் போட்டு வேட்பாளர் செலவுக் கணக்கில் ஏற்றுவார்கள். அவ்வளவுதான். காசுக்குச் செய்தி போடுவது இன்னமும் தனித் தேர்தல் குற்றம் இல்லை. காசு வாங்கிய பத்திரிகை விவகாரம் பிரஸ் கவுன்சிலுக்குப் போகும்.

பத்திரிகைகள் தாங்களாகவே கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்றும் இங்கே உண்டு, அதையும் சொல்லாவிட்டால் அநியாயம். 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். சாதிப் பெயர் போடக்கூடாது என்ற அந்த வழக்கம் பிரஸ் கவுன்சில் விதியை ஒட்டியது. 1995 முதல் தென் மாவட்டங்களில் கலவரம் ஓடியபோது அது எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று அளக்க முடியாது. ஊர்ப் பேரைப் படித்தவுடன் எந்தப் பிரிவு என்று கண்டுபிடித்துவிடுகிற ஜனம்தான் நாம். ஆனாலும் தலைப்பில் சாதி இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. வாட்ஸ்அப்புக்கும் யூடியூப் சேனலுக்கும் அந்த அடக்கம் கிடையாது. 2018 மேயில் தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்து, நெல்லை, தூத்துக்குடி, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை முடக்கிய நாட்களில் ஜனம் மறுபடி பேப்பர் கடைக்குத்தான் ஓடியது.

சரி, உங்களுக்கு எட்டுகிற அந்த ஒரு வழி பிரஸ் கவுன்சில். 1966ல் வந்தது, நெருக்கடி நிலையில் 1976 தொடக்கத்தில் கலைத்தார்கள், 1978 சட்டத்தில் மறுபடி உயிர் வந்தது. தலைவரும் 28 உறுப்பினர்களும். எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அதற்கு மேல் அபராதம், சிறை எதுவும் கிடையாது. அதனால் 'பல்லில்லாத பாம்பு' என்று எல்லாரும் சொல்வார்கள். பல் கொடுத்தால் அந்தப் பல்லை ஆட்டுவிப்பது டில்லியில் இருக்கும் அரசாங்கம் என்பதால், எனக்கு அந்தக் கோரிக்கையில் இஷ்டமில்லை. தொலைக்காட்சிக்கும் யூடியூபுக்கும் இதன் கை எட்டாது. அச்சில் வந்தது என்பதால் உங்கள் விஷயத்துக்கு எட்டும்.

செய்ய வேண்டியது இப்படி. செய்தி வந்த பக்கத்தைத் தேதி தெரியும்படி முழுசாக எடுத்து வையுங்கள், துண்டாக வெட்ட வேண்டாம். ஊராட்சித் தலைவர் தன் பெயரிலேயே ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். எந்த வரி தப்பு, அதற்கு என்ன ஆதாரம், தீர்மான நகலா, ரசீதா என்று மட்டும் இருக்கட்டும். 'கண்ணியமற்ற தங்கள் நாளிதழ்' என்று தொடங்கினால் அது குப்பைக் கூடைக்குப் போகும். மறுப்பைப் பிரசுரிக்கும்படி கேட்டு, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். முகவரி அந்தப் பொடி எழுத்தில் இருக்கிறது. பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும், ஆதாரத்தோடு வந்த தபாலை எந்த ஆசிரியரும் லேசாக எடுக்க மாட்டார். பதில் இல்லையென்றாலோ, மறுப்பை எட்டாம் பக்கத்து மூலையில் நாலு வரி போட்டு முடித்தாலோ, புதுடில்லி லோதி சாலை சூசனா பவனில் உள்ள பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள், மற்ற இதழ் என்றால் நாலு மாதத்துக்குள். செய்தியின் நகல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகல், இது சம்பந்தமாகக் கோர்ட்டில் வழக்கு எதுவும் இல்லை என்ற உறுதிமொழி, எல்லாம் சேர்த்து. கட்டணம் கிடையாது. கோர்ட்டுக்கு ஏற்கெனவே போய்விட்டால் கவுன்சில் தொடாது, அதனால் கோபத்தில் முதல் நாளே வக்கீல் நோட்டீஸ் விட்டு வழக்கில் இறங்குவதற்கு முன் யோசிக்கச் சொல்லுங்கள். தலைவருக்கு இன்னும் ஒன்று: கட்சித் தலைவரின் அடுத்த பிறந்தநாள் சப்ளிமெண்டுக்கு அந்த நிருபர் வந்தால் விளம்பரம் கொடுக்கிறாரோ இல்லையோ, பாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.